முன்னே நடந்தவர்கள்

மார்கழி பிறந்து பனி முழங்கால் அளவுக்கு ஏறிவிட்டால், மொன்றியல் நகரத்தாருக்குத் தெற்குத் திசையின்மேல் ஒரு தனி மோகம் வந்துவிடுகிறது. கடன்பட்டாவது ஒரு வாரம் வெயில் காய்ந்துவிட்டு வரவேண்டும் என்பது அங்கே ஏறத்தாழ ஒரு குலாசாரம். கியூபாவும் டொமினிக்கன் குடியரசும் அவர்களுக்குப் பழக்கமான இடங்கள். அவற்றோடு மெக்ஸிகோ தேசத்தின் யூகத்தான் தீபகற்பமும் சேர்ந்து கொண்டது. ஆகாய விமானத்தில் நாலைந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். கரீபியக் கடலின் நீலத்தையும், அதன் கரையிலும் உள்நாட்டுக் காடுகளிலும் மாயா ஜாதியார் எழுப்பிய கற்கோயில்களையும் ஒருங்கே கண்டு திரும்பலாம். அந்த ஜாதியார் பூண்டற்றுப் போனார்கள் என்று பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள், அது தவறு. மாயா மொழிகளைத் தாய்மொழியாகப் பேசுவோர் மெக்ஸிகோவிலும் குவாத்தமாலாவிலும் இன்றும் பல லட்சம் பேர் இருக்கிறார்கள். வருகிற பிரயாணிகளை இடிபாடுகளுக்கு அழைத்துச் சென்று காட்டுகிறவர்களில் பலர் அந்த வமிசத்தவர்களே.

இடம் அறிந்தவன் முன்னே நடக்க, அறியாதவன் பின்னே செல்லும் இந்த வழிகாட்டித் தொழிலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அரசர்களையும் ஆராய்ச்சியாளர்களையும் பற்றி எழுதியவர்கள் இதைப் பற்றி அதிகமாக எழுதவில்லை. எழுதிய இடத்தும், பின்னே சென்றவன் 'கண்டுபிடித்தவன்' என்று பெயர் பெற்றிருக்கிறான், முன்னே நடந்தவனோ 'ஓர் இந்தியன்' என்று ஒரு வரியில் மறைந்திருக்கிறான். அந்தச் சரித்திரத்தை மொன்றியலிலிருந்தே தொடங்கலாம். காரணம், அந்த நகரமும் ஒரு பழைய நகரம் அழிந்த இடத்தில், அல்லது அதற்கு மிகவும் அண்மையில், எழுந்து நிற்பதுதான்.

1534ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கப்பல் தலைவனான ஜாக் கார்த்தியே, செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவின் காஸ்பே கரையில் ஒரு மரச்சிலுவையை நாட்டினான். நாட்டுக்குரிய தலைவனாகிய டொன்னகோனா படகில் வந்து, இது எங்கள் பூமி என்று கைச்சாடையால் ஆட்சேபித்தான். ஆட்சேபித்தவனை உபசார மொழிகளால் சமாதானப்படுத்திவிட்டு, அவனுடைய குமாரர்களாகிய தொமகாயா, தைக்னொவாக்னி என்னும் இருவரையும் கார்த்தியே பிரான்ஸுக்குக் கொண்டு சென்றான். அந்த இளைஞர்கள் அங்கே ஒரு குளிர்காலத்தைக் கழித்துப் பிரெஞ்சு பேசக் கற்றார்கள். மறு வருஷம், 1535இல், மூன்று கப்பல்களுக்கு முன்னால் நின்று, இன்ன இடத்தில் இன்ன ஆறு, இந்த வழியே போனால் பெரிய நதி, அதன் கரையில் எங்கள் ஊர் ஸ்டடகோனா, அதற்கும் அப்பால் ஹோஷெலாகா என்னும் பெருநகரம் என்று காட்டினவர்கள் அவர்களே. இன்று கியூபெக் நகரம் இருக்கும் இடத்தில்தான் ஸ்டடகோனா இருந்தது. ஆக, கனடாவின் உட்பகுதிக்கு ஐரோப்பியனை இட்டுச் சென்ற முதல் வழிகாட்டிகள் தாமாக வந்து கூலி பேசிக்கொண்டவர்கள் அல்லர், பிடித்துச் செல்லப்பட்டவர்கள்.

சொந்த ஊரை வந்து சேர்ந்ததும் அவர்களுடைய மனம் மாறிற்று. ஹோஷெலாகாவுக்கு அந்நியன் நேரே போய் உறவு கொண்டாடுவது டொன்னகோனாவுக்கு விருப்பமில்லை. அவர்கள் செய்த தந்திரத்தைக் கார்த்தியேயின் பிரயாண விருத்தாந்தம் விரிவாகவே சொல்கிறது. மூன்று பேருக்குக் கறுப்பும் வெள்ளையுமான நாய்த்தோலைப் போர்த்தி, முகத்தில் கரி பூசி, தலையில் முழ நீளக் கொம்புகளை வைத்துக் கட்டி, ஒரு படகில் ஏற்றிக் கப்பலைக் கடந்து செல்லச் செய்தார்கள். பிறகு காட்டுக்குள்ளிருந்து அந்த இரு சகோதரர்களும் ஓடிவந்து, தங்கள் தெய்வம் ஹோஷெலாகாவிலிருந்து தூது அனுப்பியிருப்பதாகவும், அங்கே போனால் பனியும் உறைபனியுமாகப் பெய்து எல்லோரும் மடிவார்கள் என்று அது எச்சரிப்பதாகவும் கூறினார்கள். கார்த்தியேயும் அவனுடைய ஆட்களும் சிரித்தார்கள். வழிகாட்டிகள் கூட வர மறுத்துவிடவே, மொழி தெரிந்த ஒருவரும் இல்லாமல் அவன் நதியில் மேலே சென்றான்.

அக்டோபர் 2ஆம் தேதி அவன் படகு கரை சேர்ந்தபோது ஆயிரம் பேருக்கு மேல் கூடி நின்று ஆடிப் பாடி வரவேற்றார்கள். மறுநாள் காலையில், நன்றாக நடந்து பண்பட்ட பாதை வழியே, ஓக் மரங்களையும் மக்காச்சோள வயல்களையும் கடந்து அவன் நகரத்தை அடைந்தான். வட்டமான ஊர், மூன்று வரிசை மரங்களை நட்டுப் பின்னிய கோட்டை, ஒரே வாசல், உள்ளே, ஐம்பது தப்படி நீளமும் பன்னிரண்டு பதினைந்து தப்படி அகலமும் உள்ள, மரப்பட்டை வேய்ந்த நெடுவீடுகள் சுமார் ஐம்பது. ஊரார் அவனைப் பக்கத்திலிருந்த மலைமேல் ஏற்றிச் சென்றார்கள். அந்த மலைக்கு அவன் சூட்டிய பெயரே பின்னால் மொன்றியல் என்று நகரத்துக்கு ஆயிற்று. உச்சியில் நின்று சுற்றிலும் முப்பது லீக் தூரம் கண்டதாக அவன் எழுதிவைத்தான். பேச்சுக்கு வழியில்லாத அந்த இடத்தில் நடந்த ஒரு சிறு செய்கையை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. கூட வந்த ஹோஷெலாகாக்காரர்கள், யாரும் கேளாமலே, கப்பல் தலைவனுடைய ஊதலில் கோத்திருந்த வெள்ளிச் சங்கிலியைத் தொட்டார்கள். பிறகு ஒரு மாலுமியின் இடுப்பில் தொங்கிய பிச்சுவாவின் பொன்முலாம் பூசிய பிடியைத் தொட்டார்கள். தொட்டுவிட்டு, இவை அந்த ஆற்றின் மேற்பகுதியிலிருந்து வருகின்றன என்று கையை நீட்டிக் காட்டினார்கள். வந்தவனுக்கு எது வேண்டும் என்பதை அவனுடைய கண்ணைப் பார்த்தே தெரிந்துகொண்டு அதைக் காட்டுகிற சாமர்த்தியம், இந்தத் தொழிலுக்கு முதல் நாளிலேயே வந்துவிட்டது போலும்.

தெய்வத்தின் எச்சரிக்கை என்று அவர்கள் கட்டிச் சொன்னது அந்தக் குளிர்காலத்தில் பலித்தே விட்டது. ஸ்டடகோனாவுக்கு அருகில் கப்பல்கள் பனிக்கட்டியில் சிறைப்பட்டன. பல்லீறு அழுகி, கால் வீங்கிக் கறுக்கும் ஸ்கர்வி நோய் கண்டு நூற்றுப்பத்துப் பேரில் இருபத்தைந்து பேர் இறந்தார்கள். பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன் முழங்கால் வீங்கிக் கிடந்த தொமகாயா குணமாகி நடந்து வருவதைக் கார்த்தியே கண்டு, எப்படித் தேறினாய் என்று தந்திரமாக விசாரித்தான். தொமகாயா ஒளிக்கவில்லை. இரண்டு பெண்களைக் கூட அனுப்பி, ஒரு மரத்தின் கிளைகளை ஒடித்து வரச் செய்து, பட்டையையும் இலையையும் கஷாயம் வைக்கும் முறையைக் காட்டிக் கொடுத்தான். பெரியதொரு மரம் முழுவதும் எட்டு நாளைக்குள் கஷாயமாகித் தீர்ந்தது, எஞ்சியவர்கள் பிழைத்தார்கள். இந்த உபகாரத்துக்குப் பிரதியாக, 1536 மே மாதத்தில் ஊர் திரும்புகையில், டொன்னகோனாவையும் அவனுடைய இரு குமாரர்களையும் வேறு சிலரையுமாகச் சேர்த்துப் பத்துப் பேரைக் கார்த்தியே பிடித்துச் சென்றான். ஒரு சிறு பெண்ணைத் தவிர எல்லோரும் பிரான்ஸில் இறந்து போயினர். 1541இல் அவன் மறுபடியும் வந்தபோது, ஊரார் எங்கே எங்கள் மனிதர்கள் என்று கேட்க, டொன்னகோனா இறந்துவிட்டான், மற்றவர்கள் அங்கே பெரும் பிரபுக்களாக, கலியாணமும் செய்துகொண்டு வாழ்கிறார்கள், திரும்பிவர மனமில்லை என்று சொன்னான். ஆயிரம் நாடகங்கள் எழுதத்தக்க பொய் அது.

அந்த ஹோஷெலாகா பிறகு என்ன ஆயிற்று? 1603இல் சாம்ப்ளேன் என்னும் பிரெஞ்சுக்காரன் வந்தபோது ஊரும் இல்லை, ஊராரும் இல்லை. யுத்தமோ, புதிய நோய்களோ, வியாபாரப் போட்டியோ, விளைச்சல் கெட்டதோ, இவையெல்லாம் சேர்ந்தோ அவர்களைக் கலைத்துவிட்டன என்று ஆராய்ச்சியாளர் வாதிடுகின்றனர். 1642 மே 17இல் பிரெஞ்சுத் தலைவனாகிய மெசோன்னெவ் வந்து வில்மாரி என்னும் குடியேற்றத்தை நாட்டியபோது, நூறாண்டுக்கு முன் அங்கே ஒரு பெருநகரம் இருந்ததற்கு நிலத்தின்மேல் யாதொரு அடையாளமும் இருக்கவில்லை. மரமும் பட்டையுமாகக் கட்டிய ஊர் மண்ணோடு மண்ணாகிவிடும்; கல்லால் கட்டிய மாயர்களுக்கு இருந்த அதிர்ஷ்டம் அவர்களுக்கு இல்லை. 1860இல் ஷெர்புரூக் தெருவுக்குத் தெற்கே மணல் தோண்டிய வேலையாட்கள் எலும்புகளையும் மட்பாண்ட ஓடுகளையும் வெளிக்கொணர்ந்தார்கள். மக்கில் சர்வகலாசாலையின் தலைவராயிருந்த ஜான் வில்லியம் டாஸன் ஓடிவந்து அவற்றைச் சேகரித்து, இதுவே ஹோஷெலாகா என்று பிரசித்தம் செய்தார். நூற்றுப்பன்னிரண்டு வருஷம் கழித்து, அதே சர்வகலாசாலையைச் சேர்ந்த புரூஸ் டிரிக்கர், ஜேம்ஸ் பெண்டர்காஸ்ட் என்பவரோடு சேர்ந்து எழுதிய நூலில், அப்படி உறுதி கூற இடமில்லை என்று எடுத்துக் காட்டினார். ஊர் எங்கே இருந்தது என்பதை இன்னும் யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. மக்கில் வளாகத்தில் ஒரு ஞாபகக் கல் இருக்கிறது; பழைய துறைமுகத்தின் பக்கத்தில், நகரம் பிறந்த இடத்தின் அஸ்திவாரங்களின் மேலேயே 1992இல் எழுப்பிய பொவான்த்-அ-கலியேர் என்னும் பொருட்காட்சிசாலை இருக்கிறது. அங்கே சம்பளம் வாங்கும் வழிகாட்டிகள் பிரயாணிகளை நிலவறைக்குள் இறக்கிப் பழைய சுவர்களைக் காட்டுகிறார்கள்.

தெற்கே மாயா நாட்டுக் கரையிலும் இந்தத் தொழில் பிறந்த விதம் இதுவே. 1502இல், தன் நான்காவது யாத்திரையில், ஹோண்டுராஸுக்கு எதிரேயுள்ள குவானாஹா தீவின் அருகே கொலம்பஸ் ஒரு பெரிய ஓடத்தை மறித்தான். ஒரே மரத்தில் குடைந்த ஓடம். நடுவில் ஓலைப் பந்தல், அதனடியில் பெண்டு பிள்ளைகள். துடுப்புப் போட இருபத்தைந்து ஆட்கள். பருத்தித் துணி, செப்புக் கோடரி, மணிகள், கொக்கோ விதைகள் என்று சரக்கு. அந்த விதை ஒன்று கீழே சிந்தினால், கண்ணே விழுந்துவிட்டது போலக் குனிந்து தேடி எடுத்தார்கள் என்று கொலம்பஸின் மகன் எழுதினான். அது அவர்களுக்கு நாணயம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. சரக்கில் வேண்டியதை எடுத்துக்கொண்டு, ஓடத்திலிருந்த யும்பே என்னும் கிழவனையும் கொலம்பஸ் நிறுத்திக்கொண்டான். கரையோரமாகச் செல்கையில் கிழவன் ஊர்களைச் சொல்லிக்கொண்டு வந்தான். அவன் பாஷை செல்லாத எல்லை வந்ததும் வெகுமானம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஸ்டடகோனாச் சகோதரர்களை விட அவன் பாக்கியசாலி.

1517இல் யூகத்தானின் கத்தோச்சே முனையில் ஸ்பானியர் பிடித்த இரண்டு மாயர்களில் ஒருவனுக்கு மெல்ச்சோர் என்று பெயர் வைத்தார்கள். மறு வருஷம் கிரிஹால்வா என்னும் ஸ்பானியத் தலைவன் கரையோரமாகச் சென்றபோது, பாறையின் விளிம்பில் வெள்ளை மதிலோடு நின்ற ஒரு பட்டணத்தைக் கண்டு, அது செவீல் நகரத்துக்குக் குறைந்ததல்ல என்று கப்பலில் இருந்த பாதிரியார் வியந்தார். இன்று துலூம் என்று நாம் போய்ப் பார்க்கிற இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பர். மெல்ச்சோருடைய கதையோ 1519இல் தபாஸ்கோவில் முடிந்தது. ஒரு நாள் இரவு அவன் தனக்கு உடுத்தியிருந்த ஸ்பானிய உடைகளை ஒரு மரத்தோப்பில் தொங்கவிட்டு, ஓடத்தில் ஏறித் தன் இனத்தாரிடம் போய்ச் சேர்ந்தான். போய், இவர்கள் சிலரே, விடாமல் எதிர்த்துப் போர் செய்யுங்கள் என்று யோசனையும் சொன்னான். வழிகாட்டி தன் வழியைப் பார்த்துக்கொண்ட அபூர்வமான சந்தர்ப்பம்.

அதற்குப் பின் முந்நூறு ஆண்டுகள் கழித்துத்தான், நாடு பிடிக்கவோ மதம் பரப்பவோ அல்லாமல், இடிபாட்டைப் பார்ப்பதற்கென்றே ஒருவன் வந்து கூலி கொடுத்து ஆள் அமர்த்துகிற காலம் வந்தது. அமெரிக்கராகிய ஜான் லாயிட் ஸ்டீபன்ஸ் என்னும் வக்கீலும், பிரடெரிக் காதர்வுட் என்னும் ஆங்கிலச் சித்திரக்காரரும் 1839இல் ஹோண்டுராஸிலுள்ள கோப்பான் என்னும் பாழடைந்த மாயா நகரத்தை அடைந்தார்கள். நிலத்துக்குரியவனிடம் ஸ்டீபன்ஸ் அந்த நகரம் முழுவதையும் ஐம்பது டாலருக்கு விலை பேசி எடுத்துக்கொண்டது பிரசித்தமான சங்கதி. இந்தக் கிரயத்தைக் காட்டிலும் எனக்குச் சுவையாகப் படுவது வேறொன்று. காட்டைத் திருத்துவதற்கென்று அமர்த்திய பிரான்சிஸ்கோ, புரூனோ என்னும் இரண்டு ஆட்கள், ஆரம்பத்தில் அந்தக் கற்களை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. சித்திரக்காரருக்காகக் கொடிகளை அறுத்து மரங்களைச் சாய்த்துக்கொண்டிருக்கையில், உடைந்த ஒரு சிலையின் காலும் பாதமும் பிரான்சிஸ்கோவுக்கு அகப்பட்டன. அதற்குப் பொருந்துகிற உடலின் ஒரு பகுதி புரூனோவின் கைக்கு வந்தது. இரண்டும் இசைந்து ஒட்டியதைக் கண்டதும் அவர்களுக்கு ஓர் ஆவேசம் பிறந்துவிட்டது. வெட்டுக்கத்தியால் மண்ணைக் கிளறித் தோள்களையும் கண்டெடுத்து, தலையைத் தவிர முழுவதையும் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார்கள். அந்த ஆவேசத்தையும் அந்த இரண்டு பெயரையும் ஸ்டீபன்ஸ் தம் நூலில் எழுதிவைத்தார். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். 1841இலும் 1843இலும் வெளியான அவருடைய பிரயாண நூல்களும், அவற்றில் காதர்வுட் தீட்டிய சித்திரங்களுமே மாயா நாட்டைக் காண வேண்டும் என்ற ஆசையை உலகத்துக்கு ஊட்டின. அந்தச் சித்திரக்காரரின் முடிவு கனடாவின் கடலில் நேர்ந்தது: 1854 செப்டம்பரில் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் 'ஆர்க்டிக்' என்னும் நீராவிக் கப்பல் மற்றொரு கப்பலோடு மோதி மூழ்கியபோது அவரும் மூழ்கினார்.

வழிகாட்டுகிறவர்கள் சொல்லும் கதைகளின் விஷயத்தில் நம் மாமல்லபுரத்தையும் நினைத்துக்கொள்வது பொருந்தும். வில்லியம் சேம்பர்ஸ் என்பவர் 1772இலும் 1776இலும் அங்கே சென்று, பார்த்ததையும் கேட்டதையும் எழுதி 1788இல் வெளியிட்டார். கேட்டது என்றால், ஊரிலிருந்த பிராமணர்கள் சொன்ன கதைகள்: கடலில் அமிழ்ந்த கோயில்கள், மகாபலியின் பட்டணம், இப்படி. ஒற்றைக் கற்கோயில்களுக்குத் தருமராஜ ரதம், பீம ரதம், திரௌபதி ரதம் என்ற பெயர்களைச் சூட்டினவன் எந்தப் பல்லவனும் அல்லன். வந்தவர்களுக்குக் காட்டின உள்ளூர் வாய்களே சூட்டின. பாண்டவர்களுக்கும் அந்தக் கற்களுக்கும் சம்பந்தமில்லை என்று அறிஞர்கள் எத்தனை எழுதினாலும், அரசாங்கத்துப் பலகையிலேயே அந்தப் பெயர்கள் ஏறிவிட்டன. யூகத்தானில் உஷ்மால் என்னும் இடத்திலும் அப்படியே. அங்குள்ள மிகப் பெரிய கூம்பை ஒரு கிழவி முட்டையிலிருந்து பொரித்தெடுத்த குள்ளன் ஒரே இரவில் கட்டினான் என்று அவ்வூர் மாயன் ஒருவன் ஸ்டீபன்ஸுக்குச் சொன்னான். 'குள்ளன் வீடு' என்று அது புத்தகத்தில் ஏறிற்று. கல்வெட்டைப் படிக்கத் தெரியாத காலத்தில் கட்டடங்களை அநாதையாக விடாமல், ஏதோ ஒரு பெயரிட்டு, ஒரு கதையையும் சேர்த்துக் காத்துவந்தவர்கள் இவர்கள். கதை பொய்யாயிருக்கலாம், காவல் பொய்யன்று.

குவாத்தமாலாவின் அடர்ந்த பெத்தேன் காட்டுக்குள் வழிகாட்டினவர்களை வேறொரு தொழில் உண்டாக்கிற்று. நம் வீட்டுத் தோட்டத்திலும் நிற்கிற சப்போட்டாவின் தாயகம் அந்தக் காடுதான். அதன் கட்டை இரும்பு போன்றது; அங்குள்ள திக்கால் நகரத்துக் கோயில்களின் வாசல் நிலைகளுக்கு மேலே மாயர் வைத்த உத்தரங்கள் ஆயிரம் வருஷம் கழித்தும் உளுக்காமல் நின்றது அதனால்தான். அதன் பாலைக் காய்ச்சினால் சிக்ளே என்னும் பசை கிடைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கர்கள் அதை இனிப்பூட்டி வாயிலிட்டு மெல்லத் தொடங்கினார்கள். சூயிங் கம் என்ற பெயரில் அது உலகமெங்கும் பரவிற்று. மழைக்காலம் வந்துவிட்டால் பால் எடுக்கிறவர்கள் மாதக்கணக்காகக் காட்டிலேயே தங்குவார்கள். இடுப்பைச் சுற்றி மரத்தோடு கயிறு கட்டிக்கொண்டு, வெட்டுக்கத்தியால் பட்டையில் கீழிருந்து மேலாக வளைந்து வளைந்து கீறிக்கொண்டே ஏறுவார்கள்; அந்தக் கீறல்களின் வழியே பால் வழிந்து அடியில் கட்டிய பையில் சேரும். பட்டைக்குப் பதிலாகக் கயிற்றின்மேல் கத்தி பட்டால் ஆள் போனான். ஒரு முறை கீறிய மரத்துக்குச் சில வருஷம் ஓய்வு கொடுக்க வேண்டுமாகையால், புது மரம் தேடி அவர்கள் ஆண்டுதோறும் ஆழமான காட்டுக்குள் போனார்கள். போன இடத்திலெல்லாம் மரத்தால் மூடிய மேடுகளைக் கண்டார்கள். சில்வானஸ் மார்லி என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், எழுத்துள்ள புதிய இடிபாடு எதையாவது காட்டிக் கொடுக்கிறவனுக்கு இருபத்தைந்து டாலர் பொன் தருவதாக இந்தப் பால்காரர்களிடையே அறிவித்தார். இந்த நூற்றாண்டுக்கு முற்பட்ட மாயா ஆராய்ச்சியின் படத்தில் உள்ள புள்ளிகளில் பல, சப்போட்டாப் பால் எடுத்தவனுடைய காலடியால் குறிக்கப்பட்டவை. அவ்வாறே 1946இல் பொனம்பாக் என்னும் மாயா இடிபாட்டின் அற்புதமான சுவரோவியங்களுக்கு வெளியுலகத்தாரை அழைத்துச் சென்றவர்கள் லகண்டோன் மாயர்கள். அவர்களுக்கு அது புதிய இடமன்று. தூபமிட்டு வழிபட்டுக்கொண்டிருந்த இடம்.

இனி, பிரயாணியைத் தேடிப் பிடித்துக் கட்டணம் வாங்கி அழைத்துச் செல்கிற முறையான வியாபாரத்துக்கு வருவோம். 1923இல் யூகத்தான் கவர்னராயிருந்த பெலிப்பே கரில்யோ புவேர்த்தோ, சிச்சென் இட்ஸா என்னும் மாயா இடிபாட்டுக்குச் சாலை போட்டுத் திறந்துவைத்தார். ஏறத்தாழ அதே சமயத்தில் பெர்னாந்தோ பார்பச்சானோ பியோன் என்னும் இளைஞர் புரோகிரெசோ துறைமுகத்தில் நின்று, நீராவிக் கப்பலிலிருந்து இறங்கி உலாவ வருகிறவர்களிடம், ஒரு வாரம் இங்கே தங்குங்கள், இடிபாடுகளைக் காட்டுகிறேன், அடுத்த கப்பலில் ஏறிப் போகலாம் என்று வேண்டிக்கொண்டிருந்தார். முதல் வருஷம் முழுவதும் முயன்று அவர் சேர்த்த ஆட்கள் ஏழு பேர் என்று சொல்வார்கள். ஏழு பேர்! 1930இல் இடிபாடுகளுக்கு அருகிலேயே ஹோட்டல் திறந்தார். 1944இல் கோயில்கள் நின்ற பண்ணை நிலத்தையே விலைக்கு வாங்கிவிட்டார். யூகத்தான் அரசாங்கம் அந்த நிலத்தை அந்தக் குடும்பத்திடமிருந்து வாங்கியது 2010இல்தான். கோயில்கள் தேசத்துக்குச் சொந்தம், அவை நிற்கிற மண் தனியாருக்குச் சொந்தம் என்ற விசித்திரமான நிலைமை அதுவரையில் நீடித்தது.

சிச்சென் இட்ஸாவின் பெரிய கூம்புக் கோயிலுக்கு நான்கு பக்கமும் தொண்ணூற்றொரு படிகள், உச்சியில் ஒன்று, ஆக 365. இப்போது ஏற அனுமதி இல்லை. வழிகாட்டி தம் கூட்டத்தைப் படிக்கட்டின் எதிரே நிறுத்தி, ஓங்கி ஒரு கை தட்டுவார். தட்டின ஓசை படிகளில் பட்டு, ஒரு பறவை கீச்சிடுவது போல இழைந்து இறங்கும் நாதமாகத் திரும்பி வரும். கெட்ஸால் என்னும் புனிதப் பறவையின் குரலைக் கல்லிலே வைத்தார்கள் என்பார். வரிசையான படிகளிலிருந்து எதிரொலி அப்படித்தான் வரும் என்பது ஒலி நூலாருக்குத் தெரியும். கட்டினவர்கள் அதைக் கருதியே கட்டினார்களா என்பதே தகராறு. அடுத்து பந்தாட்டக் களத்துக்குப் போனால், ஜயித்தவனையே பலியிட்டார்கள் என்று ஒரு கதை சொல்லப்படும். ஆராய்ச்சியாளருக்கு அதில் நம்பிக்கை குறைவு. கேட்கிறவர் முகத்தில் வியப்பைக் காண வேண்டும் என்ற ஆசை எந்த நாட்டு வழிகாட்டியையும் விடாது. ஆயினும் ஐம்பது பேர் கூட்டத்துக்குக் குடை தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்துகிறவரிடம் இந்தக் குறை அதிகம் என்பதும், நாலு பேரை மட்டும் வண்டியில் அழைத்துச் சென்று, தம் பாட்டி பேசிய மாயா மொழியில் மரங்களுக்குப் பெயர் சொல்லிக்கொண்டு நடக்கிறவரிடம் குறைவு என்பதும் என் அபிப்பிராயம். அவரிடம் கேள்வி கேட்கலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவருக்கு நேரம் இருக்கிறது. தனி வழிகாட்டிக்குக் கொடுக்கும் அதிகப் பணம் அதற்கே தகும்.

மொன்றியல்காரர்கள் இந்தக் கரைக்குத் திரண்டது இன்னும் பிற்காலத்துச் செய்தி. மெக்ஸிகோ அரசாங்கம் அந்நியச் செலாவணிக்கு வழி தேடி, தென்னந்தோப்பும் மணலுமாக, காவலாளிகள் சிலரைத் தவிர ஆளில்லாமல் கிடந்த கான்குன் என்னும் மணல் திட்டில் 1970இல் வேலை தொடங்கிற்று. 1974இல் ஹோட்டல்கள் திறந்தன. இன்று அந்த நகரத்தின் ஜனத்தொகை ஏறத்தாழ ஒன்பது லட்சம். அதே பத்தாண்டில், 1975இல், மொன்றியலுக்கு வடக்கே மிராபெல் என்னும் பிரம்மாண்டமான விமான நிலையம் திறக்கப்பட்டது. நாளடைவில் மற்ற சர்வதேச விமானங்கள் நகரத்துக்கு அருகேயுள்ள டோர்வாலுக்கு மாறிவிட, தெற்கே போகும் விடுமுறை விமானங்கள் மட்டும் 2004 வரையில் அந்த வெறிச்சோடிய மாளிகையிலிருந்து புறப்பட்டுக்கொண்டிருந்தன. மொன்றியலில் தோன்றிய ஏர் டிரான்ஸாட் கம்பெனி 1987 நவம்பர் 14இல் பறக்கவிட்ட முதல் விமானமே மெக்ஸிகோவின் அகபுல்கோ கடற்கரைக்குத்தான். போக வர விமானமும், தங்க ஹோட்டலும், உண்ணக் குடிக்க எல்லாமும் ஒரே விலையில் என்ற ஏற்பாடு வந்ததும், தொழிலாளிக் குடும்பங்களுக்கும் அந்த வெயில் கைக்கெட்டிற்று. கடற்கரையில் ஆறு நாள், இடிபாட்டுக்கு ஒரு நாள் என்பது வழக்கமாயிற்று.

நம்மவர்களும் இதில் சேர்ந்தார்கள். 1986 ஆகஸ்டில், நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், காதர்வுட்டை விழுங்கிய அதே கடலில், திறந்த உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத் தமிழர்களை மீன்பிடிப்பவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். அவர்களில் பலர் மொன்றியலை வந்தடைந்தார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் வந்தவர்களோடு சேர்ந்து கோத்-தே-நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் முதலிய பேட்டைகளில் குடியேறினார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பனிக்காலத்தில் கான்குனுக்குப் போய்வருகிறார்கள். திரும்பி வந்தவர்கள், அங்கே விளையும் பழங்கள் எல்லாம் ஊரில் உள்ளவை, மாமரமும் பப்பாளியும் சப்போட்டாவும் நிற்கின்றன, வீட்டுக்கு முன்னால் கோழி மேய்கிறது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். மாமரம் இந்தியாவிலிருந்து போனது. பப்பாளியும் சப்போட்டாவும் அங்கிருந்து நமக்கு வந்தவை. ஸ்பானியக் கப்பலும் போர்த்துகீசியக் கப்பலும் செய்த மாற்று அது.

மொன்றியலுக்கும் மாயா நாட்டுக்கும் விடுமுறைக்கு மேற்பட்ட உறவும் இருக்கிறது. 2016இல், மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த பதினைந்து வயது மாணவன் ஒருவன், நட்சத்திரங்களின் அமைப்பையும் மாயா நகரங்களின் இருப்பிடத்தையும் ஒப்பிட்டு, காட்டுக்குள் இதுவரை காணாத ஒரு நகரம் இருக்க வேண்டும் என்று கணித்தான். விண்கோளிலிருந்து எடுத்த படங்களில் அந்த இடத்தில் ஒரு சதுரம் தெரிந்தது. உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. அந்தப் பிரதேசத்தில் நடந்து பழகிய ஆராய்ச்சியாளர்களோ, அது கைவிட்ட சோள வயலாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். பையனுடைய உற்சாகத்தைக் குறை சொல்வதற்கில்லை; ஆனால் மேலிருந்து பார்ப்பதற்கும் காலால் நடந்து பார்ப்பதற்கும் உள்ள தூரம் இன்னும் குறைந்துவிடவில்லை.

நடந்து பார்க்கிறவர்களும் மொன்றியலில் உண்டு. மொன்றியல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிறிஸ்டினா ஹால்பெரின் சில ஆண்டுகளாகக் குவாத்தமாலாவின் பெத்தேன் பகுதியில் உகனால் என்னும் நகரத்தைத் தோண்டி ஆராய்கிறார். பழைய அரச வமிசத்தாரின் எலும்புகளையும் பச்சைக்கல் ஆபரணங்களையும் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேண்டுமென்றே தீயிலிட்டுக் கொண்டுவந்து ஒரு கட்டடத்தின் நிரப்பு மண்ணில் கொட்டியிருந்ததை அவரும் கூட்டாளிகளும் கண்டு, ஓர் அரசு மாறியதன் பகிரங்கமான அறிவிப்பு அது என்று 2024இல் எழுதினார்கள். குவாத்தமாலாவின் விதிப்படி, அந்நிய நாட்டார் அங்கே தோண்ட வேண்டுமானால், அந்நாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவரும் கூட்டுத் தலைவராகப் பெயர் போட்டுக் கையெழுத்திட வேண்டும். குழி வெட்டவும் மண் சலிக்கவும் அருகிலுள்ள சிற்றூராரைச் சம்பளத்துக்கு அமர்த்துகிறார்கள். எந்த மேட்டுக்கு எந்தப் பக்கமாக ஏறினால் கால் சறுக்காது, எந்த ஓடை எந்த மாதத்தில் வற்றும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். மொன்றியலிலிருந்து வருகிற மாணவர்கள் முதல் வாரத்தில் அவர்களிடம் கற்றுக்கொள்வது அதைத்தான்.